கணையப் புற்றுநோய் பற்றி அரசு ஏன் பேச வேண்டும்?

62 வயதுக்காரர் ஒருவரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சாப்பிட்ட பிறகு மேல்வயிற்றில் ஒரு மந்தம். வாயுத்தொல்லை என்று நினைத்து மாத்திரை வாங்கிப் போடுகிறார், நாலு நாள் தேவலை போலத் தெரிகிறது. ஒரு மாதம் கழித்து முதுகு வலிக்கிறது. வயசானால் வருகிற வலிதானே என்று தைலம் தேய்க்கிறார், அப்புறம் எலும்பு மருத்துவரைப் பார்க்கிறார், எக்ஸ்ரேயில் பெரிதாக ஒன்றும் இல்லை. இடுப்பு பெல்ட்டில் ஒரு துளை உள்ளே போட வேண்டியிருக்கிறது, பார்க்கிறவர்கள் "நல்லா இளைச்சுட்டீங்களே" என்று பாராட்டுகிறார்கள். வேறு எதற்கோ எடுத்த ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை கூடியிருப்பது தெரிகிறது, அதற்கும் ஒரு மாத்திரை சேர்கிறது. ஆறு மாதம் இப்படியே ஓடியபின் ஒரு நாள் காலையில் கண்ணாடியில் பார்த்தால் கண் மஞ்சளாக இருக்கிறது. ஸ்கேன் எடுக்கிறார்கள். கணையத்தில் கட்டி, கல்லீரலுக்கும் பரவிவிட்டது.

இதில் யாரும் பெரிய தவறு செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். வயிற்று மந்தத்துக்கு மாத்திரை போட்டது தப்பில்லை, முதுகுவலிக்கு எலும்பு மருத்துவரிடம் போனதும் தப்பில்லை. ஒவ்வொருவரும் தன் முன்னால் வந்த ஒரு துண்டைப் பார்த்தார்கள், அவ்வளவுதான். கணையப் புற்றுநோய் இப்படித் துண்டு துண்டாகத்தான் தன்னைக் காட்டும். துண்டுகளைச் சேர்த்துப் பார்க்க நோயாளிக்குத் தெரிந்திருக்க வேண்டும், அல்லது முதலில் பார்க்கிற மருத்துவருக்குத் தோன்ற வேண்டும். இந்த இரண்டும் தானாக நடக்காது, யாராவது சொல்லித்தர வேண்டும். அந்த "யாராவது" பெரும்பாலும் அரசாகத்தான் இருக்க முடியும் என்று நான் நம்புகிறேன். ஏன் என்பதை முதலிலிருந்து சொல்கிறேன், மருத்துவம் படித்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

கணையம் எங்கே ஒளிந்திருக்கிறது

கணையம் ஏறக்குறைய 15 செ.மீ. நீளமுள்ள ஓர் உறுப்பு. இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்புக்கு முன்னால், வயிற்றின் ஆழத்தில் படுக்கைவாட்டில் கிடக்கிறது. இதற்கு இரண்டு வேலை. ஒன்று, சாப்பாட்டைச் செரிக்க வைக்கும் நொதிகளைச் சுரந்து சிறுகுடலுக்கு அனுப்புவது, குறிப்பாகக் கொழுப்பைச் செரிப்பதற்கு இந்த நொதி இல்லாமல் முடியாது. இன்னொன்று, இன்சுலினைச் சுரந்து ரத்தத்தில் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருப்பது. கணையத்தைத் தலை, உடல், வால் என்று மூன்று பகுதியாகப் பிரித்துச் சொல்வார்கள். தலைப்பகுதி சிறுகுடலின் வளைவுக்குள் பதிந்திருக்கும், கல்லீரலிலிருந்து வரும் பித்தக்குழாய் அந்தத் தலைப்பகுதி வழியாகத்தான் குடலுக்குள் இறங்குகிறது.

இந்த அமைப்பை மனதில் வைத்துக்கொண்டால் அறிகுறிகளை மனப்பாடம் செய்யவே வேண்டாம், அவை தானாகப் புரிந்துவிடும். தலைப்பகுதியில் கட்டி வந்தால் பக்கத்தில் போகிற பித்தக்குழாயை நெருக்கும். பித்தம் குடலுக்கு இறங்க வழியில்லாமல் ரத்தத்தில் சேரும். கண்ணும் தோலும் மஞ்சளாகும், சிறுநீர் அடர்ந்த நிறத்தில் போகும், பித்தம் கலக்காததால் மலம் வெளிறிப்போகும், உடம்பெல்லாம் அரிக்கும். மஞ்சள் காமாலை என்றாலே கல்லீரல் கோளாறு என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறோம். பல நேரம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் வலியோ காய்ச்சலோ இல்லாமல், நடுவயதைத் தாண்டிய ஒருவருக்கு மெதுவாகக் கூடிக்கொண்டே போகிற காமாலை என்றால் பித்தக்குழாயை எது அடைக்கிறது என்று ஸ்கேனில் பார்த்தே ஆக வேண்டும்.

செரிமான நொதி குடலுக்குப் போவது குறைந்தால் கொழுப்பு செரிக்காது. மலம் எண்ணெய்ப் பசையோடு, கடுமையான நாற்றத்தோடு, கழிவறையில் தண்ணீர் ஊற்றினாலும் போகாமல் மிதக்கும். இதை வெளியே சொல்லப் பலருக்கும் கூச்சம், அதனாலேயே இந்த அறிகுறி மருத்துவரின் காதுக்குப் போகாமல் போகிறது. சத்து உடம்பில் ஒட்டாததாலும், பசி குறைவதாலும், புற்றுநோயே உடம்பைக் கரைப்பதாலும் எடை இறங்கும். கட்டி பின்பக்கமுள்ள நரம்புகளைத் தொட்டால் மேல்வயிற்று வலி முதுகுக்கு ஊடுருவும். படுத்தால் கூடும், முன்னால் குனிந்து உட்கார்ந்தால் கொஞ்சம் குறையும். கட்டி உடல் பகுதியிலோ வால் பகுதியிலோ இருந்தால் பித்தக்குழாய் பக்கத்தில் இல்லாததால் காமாலை சீக்கிரம் வராது. அதனால் அங்கே வருகிற கட்டி இன்னும் தாமதமாகத்தான் வெளியே தெரிகிறது.

கடைசியாகச் சர்க்கரை. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தேவையில்லாமல் பயப்படவும் வைக்கும், அலட்சியப்படுத்தினால் ஆபத்தாகவும் முடியும். கணையத்தில் கட்டி உருவாகும்போது சிலருக்குப் புதிதாகச் சர்க்கரை நோய் வருகிறது, சில சமயம் புற்றுநோய் கண்டுபிடிக்கப்படுவதற்குப் பல மாதங்கள் முன்னாலேயே. 50 வயதுக்கு மேல் புதிதாகச் சர்க்கரை நோய் வந்தவர்களைத் தொடர்ந்து கவனித்ததில், ஏறக்குறைய 100 பேரில் ஒருவருக்கு அடுத்த மூன்று ஆண்டுக்குள் கணையப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது என்று அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. அதாவது 99 பேருக்கு இல்லை. ஆனால் புதிதாகச் சர்க்கரை நோய் வந்திருக்கிறது, உடல் பருமன் இல்லை, குடும்பத்தில் யாருக்கும் சர்க்கரை இல்லை, கூடவே காரணமில்லாமல் எடையும் குறைகிறது என்றால் அந்தச் சேர்க்கை கவனிக்க வேண்டியது. சர்க்கரை மாத்திரையை எழுதிக்கொடுத்து அனுப்பிவிடக்கூடாது.

எவ்வளவு பெரிய பிரச்சினை இது

உலக அளவில் 2022ஆம் ஆண்டில் மட்டும் ஏறக்குறைய 5 லட்சத்து 10 ஆயிரம் பேருக்குப் புதிதாகக் கணையப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது, அதே ஆண்டில் ஏறக்குறைய 4 லட்சத்து 67 ஆயிரம் பேர் இந்த நோயால் இறந்தார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு தருகிற மதிப்பீடு. இந்த இரண்டு எண்களும் எவ்வளவு பக்கத்தில் இருக்கின்றன என்று பாருங்கள். எனக்கு இந்த நோயைப் பற்றி முதலில் உறைத்தது அந்த நெருக்கம்தான்.

அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் 2024இல் சொன்ன கணக்குப்படி, கணையப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டவர்களில் ஐந்து ஆண்டுக்குப் பிறகும் உயிரோடு இருப்பவர்கள் 100க்கு 13 பேர். மார்பகப் புற்றுநோயில் இது 91. 1970களின் நடுவில் கணையத்துக்கு இந்த எண் 3 ஆக இருந்தது, அரை நூற்றாண்டில் 13க்கு வந்திருக்கிறது. முன்னேற்றம்தான், ஆனால் மற்றப் புற்றுநோய்களோடு ஒப்பிட்டால் நத்தை வேகம். அதே நேரம் கணையத்தைத் தாண்டிப் பரவாத நிலையில் கண்டுபிடித்தால் ஐந்து ஆண்டுக்குப் பிறகு இருப்பவர்கள் 100க்கு 40 பேருக்கு மேல். பிரச்சினை என்னவென்றால், அறுவை சிகிச்சை செய்யக்கூடிய நிலையில் வருகிறவர்களே 100க்கு 15 முதல் 20 பேர்தான். கட்டியை அறுத்து எடுக்க முடிந்தால்தான் முழுவதுமாகக் குணமாக வாய்ப்பு இருக்கிறது, மற்றவர்களுக்குக் கீமோ என்கிற மருந்துச் சிகிச்சை ஆயுளைக் கூட்டும், வலியைக் குறைக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2010இல் வந்த ஒரு மரபணு ஆய்வு, முதல் செல் தடம்மாறியதிலிருந்து அது முழுப் புற்றுநோய்ச் செல்லாக மாறவே பத்து ஆண்டுக்கு மேல் ஆகிறது, பரவும் தன்மை வர மேலும் ஐந்து ஆண்டு போலாகிறது என்று கணக்கிட்டது. திடீரென்று வந்து ஆளைக் கொண்டுபோகிற நோய் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது உண்மையில் பல ஆண்டுகள் சத்தமில்லாமல் வளர்ந்த நோய். கண்டுபிடிக்க நேரம் இருக்கிறது, நம்மிடம் கண் இல்லை.

எல்லோருக்கும் ஒரு டெஸ்ட் எடுத்துவிட்டால் என்ன?

யாருக்கும் தோன்றுகிற கேள்விதான். மார்பகத்துக்கு மாமோகிராம் இருக்கிறது, கருப்பைவாய்க்குப் பரிசோதனை இருக்கிறது, இதற்கும் ஆண்டுக்கு ஒரு முறை எடுத்துவிடலாமே?

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். அமெரிக்காவில் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் ஏறக்குறைய 13 பேருக்குப் புதிதாக இந்த நோய் வருகிறது. ஒரு பரிசோதனை இருக்கிறது, நல்ல பரிசோதனை, நோய் இல்லாதவர்களில் 100க்கு 5 பேரை மட்டும்தான் தவறாக "சந்தேகம்" என்று சொல்லும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லட்சம் பேருக்கு அதைச் செய்தால் 13 நோயாளிகளைத் தேடிப்போய் 5,000 ஆரோக்கியமானவர்களின் தூக்கத்தைக் கெடுப்போம். அந்த 5,000 பேருக்கும் ஸ்கேன், எண்டோஸ்கோப்பி, ஊசி வைத்துத் திசு எடுப்பது என்று ஒவ்வொன்றாகச் செய்ய வேண்டியிருக்கும், அதில் சிலருக்குக் கணைய அழற்சி மாதிரியான சிக்கல்களும் வரும். சிஏ 19-9 என்று ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கிறது, ஆனால் அது கணைய அழற்சியிலும் பித்தக்குழாய் அடைப்பிலும்கூட உயரும், சிலருடைய உடம்பு அந்தப் பொருளை உற்பத்தியே செய்யாது. நோய் உறுதியானபின் சிகிச்சை எப்படிப் போகிறது என்று பார்க்க அது உதவும், ஊர் முழுக்கத் தேடுவதற்கு உதவாது. அமெரிக்காவின் தடுப்புச் சேவைகள் பணிக்குழு, அறிகுறி இல்லாத பொதுமக்களுக்கு இந்த நோய்க்கான பரிசோதனை வேண்டாம் என்று 2019இல் மறுபடியும் உறுதிப்படுத்தியது இதனால்தான்.

விதிவிலக்கு உண்டு. நெருங்கிய ரத்த உறவில் இரண்டு பேருக்கு இந்த நோய் வந்திருந்தாலோ, பிஆர்சிஏ2 மாதிரியான மரபணு மாற்றத்தோடு குடும்பத்தில் ஒருவருக்கு வந்திருந்தாலோ, அவர்களுக்கு எம்ஆர்ஐ, எண்டோஸ்கோப்பி அல்ட்ராசவுண்ட் வழியாகத் தொடர்ந்து கண்காணிக்கப் பரிந்துரைக்கிறார்கள். தனக்கு அப்படி ஒரு குடும்ப வரலாறு இருப்பதே பலருக்குத் தெரியாது, "வயிற்றில் ஏதோ கட்டி வந்து இறந்துபோனார்" என்பதோடு விஷயம் முடிந்திருக்கும்.

ஆக, மற்றப் புற்றுநோய்களில் பரிசோதனை முகாம் செய்கிற வேலையை, கணையப் புற்றுநோயில் இன்றைக்கு விழிப்புணர்வுதான் செய்தாக வேண்டும். வேறு கருவி நம் கையில் இல்லை. விழிப்புணர்வு என்றாலே ரிப்பன் கட்டுவது, ஊர்வலம் போவது என்று கொஞ்சம் இளப்பமாக நினைக்கிறவர்கள் உண்டு. இந்த நோயைப் பொறுத்தவரை அது ஸ்கேனுக்கு முந்தைய ஸ்கேன் என்று நான் சொல்வேன்.

சரி, இதில் அரசு எதற்கு?

மார்பகப் புற்றுநோய் இயக்கத்தை வளர்த்தது யார் என்று யோசித்துப் பாருங்கள். பிழைத்து வந்தவர்கள். லட்சக்கணக்கான பெண்கள் சிகிச்சை முடிந்து வந்து, மேடையேறிப் பேசி, நிதி திரட்டி, அரசியல்வாதிகளின் கதவைத் தட்டினார்கள். கணையப் புற்றுநோயில் அப்படிப் பேச ஆள் மிச்சமிருப்பதில்லை. நோயாளி ஓராண்டில் போய்விடுகிறார், குடும்பம் துக்கத்தில் உடைந்து கிடக்கிறது. குரல் எழுப்ப வேண்டியவர்களையே கொண்டுபோய்விடுகிற நோய் இது.

அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் கணினி அறிவியல் பேராசிரியர் ராண்டி பாஷ், இந்த நோய் முற்றிய நிலையில், 2008 மார்ச் மாதம் அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்றின் முன் சாட்சியம் சொன்னார். இந்த நோய்க்குப் பரிந்துபேச ஆள் இல்லை, ஏனென்றால் யாரும் அவ்வளவு நாள் இருப்பதில்லை என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். அதே ஆண்டு ஜூலையில் அவர் இறந்துபோனார். அமெரிக்கத் தொலைக்காட்சி வினாடிவினா நிகழ்ச்சியைப் பல பத்தாண்டுகள் நடத்திய அலெக்ஸ் ட்ரெபெக், 2019இல் நான்காம் நிலையில், அதாவது மற்ற உறுப்புகளுக்கும் பரவிவிட்ட நிலையில், நோய் கண்டுபிடிக்கப்பட்டபின் ஒரு விழிப்புணர்வுக் காணொளியில் பேசினார். தனக்கு முன்பே தொடர்ந்து இருந்த வயிற்று வலி இதன் அறிகுறியாக இருக்கலாம் என்று அப்போதே தெரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றார். 2020 நவம்பரில் அவரும் போய்விட்டார். இரண்டு பேரும் தங்களுக்கு மிச்சமிருந்த மிகக் குறைந்த நாட்களில் கொஞ்சத்தை இதற்காகச் செலவழித்தார்கள். நோயாளிகளிடம் இதற்கு மேல் நாம் எதிர்பார்க்க முடியாது, எதிர்பார்க்கவும் கூடாது.

பிழைத்தவர்களின் கூட்டம் இல்லாத இடத்தில் அவர்களுக்குப் பதிலாகப் பேச வேண்டிய பொறுப்பு அரசுக்கு வருகிறது. தொண்டு அமைப்புகள் நிறையச் செய்கின்றன, மறுக்கவில்லை. நவம்பர் மாதத்தைக் கணையப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதமாகவும், 2014 முதல் அந்த மாதத்தில் ஒரு நாளை உலகக் கணையப் புற்றுநோய் தினமாகவும் ஊதா நிறத்தோடு நடத்துவது அவர்கள்தான். ஆனால் ஒரு தொண்டு அமைப்பால் சுவரொட்டி ஒட்ட முடியும், எல்லா ஆரம்ப சுகாதார மருத்துவர்களுக்கும் ஒரே வழிகாட்டுதலை அனுப்ப முடியாது. அது அரசால் மட்டுமே முடிகிற காரியம்.

அரசுகள் செய்து காட்டியவை

பிரிட்டனில், கணையப் புற்றுநோய்க்குக் கூடுதல் நிதியும் விழிப்புணர்வும் கேட்டு இணையத்தில் போடப்பட்ட ஒரு மனுவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்திட்டார்கள், அதன் விளைவாக 2014 செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் இந்த நோயைப் பற்றி விவாதம் நடந்தது. அடுத்த ஆண்டு இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டுதல் அமைப்பான நைஸ், புற்றுநோய்ச் சந்தேகத்துக்கான புதிய விதிகளை வெளியிட்டபோது அதில் கணையத்துக்கும் தெளிவான வரிகள் இருந்தன. 40 வயதைத் தாண்டியவருக்கு மஞ்சள் காமாலை இருந்தால் புற்றுநோய்ச் சந்தேகப் பாதையில் விரைவாக அனுப்ப வேண்டும். 60 வயதைத் தாண்டியவருக்கு எடை குறைந்து, கூடவே வயிற்றுவலி, முதுகுவலி, வயிற்றுப்போக்கு, மலச்சிக்கல், குமட்டல், வாந்தி, புதிதாக வந்த சர்க்கரை நோய் இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் இரண்டு வாரத்துக்குள் சிடி ஸ்கேன் எடுப்பதைப் பரிசீலிக்க வேண்டும். மேலே நான் சொன்ன 62 வயதுக்காரரை இந்த வரிகளோடு பொருத்திப் பாருங்கள். இடுப்பு பெல்ட் தளர்ந்தபோதே, முதுகு வலித்தபோதே, அவர் ஸ்கேனுக்குப் போயிருப்பார். அப்போது கட்டி எந்த நிலையில் இருந்திருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது, ஆனால் அந்த மாதங்கள் அவருக்குக் கிடைத்திருக்கும்.

அமெரிக்கா வேறு வழியில் போனது. ஐந்தாண்டு உயிர்வாழ்வு 100க்கு 20க்கும் கீழே இருக்கிற, ஆண்டுக்கு 30,000 பேருக்கு மேல் உயிரிழக்கிற புற்றுநோய்களுக்குத் தனித் திட்டம் தீட்ட வேண்டும் என்று அந்நாட்டின் தேசியப் புற்றுநோய் நிறுவனத்துக்கு ஒரு சட்டம் கட்டளையிட்டது, 2013 ஜனவரியில் அது கையெழுத்தானது. அதன்படி 2014இல் வந்த கணையப் புற்றுநோய்த் திட்டத்தில், சர்க்கரை நோய்க்கும் இந்தப் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை ஆராய்வது ஒரு முக்கிய வேலையாக வைக்கப்பட்டது. 50 வயதுக்கு மேல் புதிதாகச் சர்க்கரை வந்த 10,000 பேரைச் சேர்த்துத் தொடர்ந்து கவனிக்கிற ஆய்வு அந்த வழியில் கிளம்பியதுதான். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் மருத்துவ ஆராய்ச்சித் திட்டத்திலும் 2020 நிதியாண்டில் கணையப் புற்றுநோய்க்கென்று தனியாக 60 லட்சம் டாலர் ஒதுக்கினார்கள், அடுத்த ஆண்டு அது 1.5 கோடி டாலராக உயர்ந்தது. சட்டம் போட்டால் நோய் குணமாகிவிடாது, உண்மைதான். ஆனால் ஒரு நோயின் பெயர் சட்டத்தின் வழியாக ஓர் அரசு நிறுவனத்தின் மேசைக்கு வந்துவிட்டால், அதைப் பற்றி ஆண்டுதோறும் யாராவது பதில் சொல்லியே ஆக வேண்டும்.

பிரச்சாரத்தால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோயை உதாரணம் காட்டலாம். 2012இல் இங்கிலாந்தில் அரசு ஒரே ஒரு செய்தியைத் தொலைக்காட்சியிலும் சுவரொட்டியிலும் திரும்பத் திரும்பச் சொன்னது: மூன்று வாரமாக இருமல் நிற்கவில்லையா, மருத்துவரிடம் சொல்லுங்கள். முந்தைய ஆண்டின் அதே மாதங்களோடு ஒப்பிட்டதில் சுமார் 700 பேருக்குக் கூடுதலாக நோய் கண்டுபிடிக்கப்பட்டது, ஆரம்ப நிலையில் சிக்கியவர்களின் எண்ணிக்கையும் கூடியது. அந்தச் செய்தியின் பலம் அதன் எளிமை. புற்றுநோயைப் பற்றி ஒரு பாடமும் அதில் இல்லை, ஓர் அறிகுறி, ஒரு காலக்கெடு, ஒரு வேலை. கணையத்துக்கு இப்படி ஒற்றை அறிகுறி கிடைக்காது என்பது பெரிய சிரமம், ஆனால் "காரணமில்லாமல் இளைக்கிறீர்களா, கூடவே வயிறோ முதுகோ நாலு வாரமாகத் தொந்தரவு செய்கிறதா, கண் மஞ்சளாக இருக்கிறதா, சொல்லுங்கள்" என்ற அளவுக்குச் சுருக்கலாம். காமாலை என்றால் நாலு வாரமும் காத்திருக்கக்கூடாது, அன்றைக்கே போக வேண்டும்.

சுவரொட்டி மட்டும் போதாது

இங்கேதான் நான் கொஞ்சம் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மக்களிடம் அறிகுறியைச் சொல்லிவிட்டு, அவர்கள் மருத்துவரிடம் வரும்போது ஸ்கேனுக்கு மூன்று மாதம் காத்திருக்கச் சொன்னால் அது விழிப்புணர்வாகாது, பயத்தைக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்துவது. இந்த நோயில் வாரங்கள் முக்கியம். விழிப்புணர்வுக்கு அரசு ஆதரவு என்று சொல்லும்போது அதற்குள் நாலைந்து வேலைகள் சேர்ந்தே வர வேண்டும்.

முதலில் பார்க்கிற மருத்துவருக்குப் பயிற்சி வேண்டும். ஒரு பொது மருத்துவர் ஆண்டு முழுக்க நூற்றுக்கணக்கான வயிற்றுவலிகளைப் பார்க்கிறார், அதில் கணையப் புற்றுநோய் சில ஆண்டுக்கு ஒரு முறைதான் வரும். அவர் கவனக்குறைவானவர் என்பதில்லை, அபூர்வமான ஒன்றை எதிர்பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்க மனித மூளையால் முடியாது. அதனால் அதை நினைவூட்டுகிற ஏற்பாடு வேண்டும். 2025இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரச் சேவை 300க்கும் மேற்பட்ட பொது மருத்துவ நிலையங்களில் ஒரு முன்னோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. 60 வயதைத் தாண்டிய, புதிதாகச் சர்க்கரை வந்த, எடையும் குறைந்திருக்கிற நோயாளிகள் யார் யார் என்று மருத்துவப் பதிவேட்டில் தேடி, அவர்களை அழைத்துப் பார்ப்பது. எனக்கு இது மிகவும் பிடித்த யோசனை. துண்டுகளைச் சேர்க்கிற வேலையை நோயாளியின் தலையிலும் மருத்துவரின் ஞாபகத்திலும் போடாமல் கணினியிடம் கொடுக்கிறார்கள்.

அடுத்தது, அறுவை சிகிச்சை எங்கே நடக்கிறது என்பது. தலைப்பகுதிக் கட்டிக்குச் செய்யும் விப்பிள் அறுவை சிகிச்சையில் கணையத்தின் தலை, முன்சிறுகுடல், பித்தப்பை, பித்தக்குழாயின் ஒரு பகுதி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மிச்சத்தை மறுபடியும் இணைக்க வேண்டும், மணிக்கணக்கில் நடக்கிற பெரிய வேலை. எப்போதாவது ஒன்று செய்கிற மருத்துவமனையைவிட அடிக்கடி செய்கிற மருத்துவமனையில் நோயாளி பிழைக்கும் வாய்ப்பு அதிகம். நெதர்லாந்தில் இந்த அறுவை சிகிச்சைகளைச் சில மையங்களில் குவித்தார்கள், ஆண்டுக்குக் குறைந்தது 20 செய்யாத மருத்துவமனை இதைச் செய்யக்கூடாது என்று 2011இல் வரம்பே வைத்தார்கள். அப்படிக் குவிக்கத் தொடங்கிய 2004 முதல் 2009 வரையிலான ஆண்டுகளிலேயே மருத்துவமனையில் நிகழ்ந்த இறப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. எந்த மையத்துக்குப் போக வேண்டும் என்று மக்களுக்குச் சொல்வதும் விழிப்புணர்வில் சேர்ந்ததுதான்.

நொதி மாத்திரையை யாரும் பேசுவதில்லை. கணையத்தால் சுரக்க முடியாத செரிமான நொதியைக் கேப்சூலாகச் சாப்பாட்டோடு எடுத்துக்கொண்டால் சாப்பிட்டது உடம்பில் ஒட்டும், வயிற்று உபாதை குறையும், கீமோவைத் தாங்கத் தெம்பு இருக்கும். குணமாக்க முடியாத நிலையில் இருப்பவருக்குக்கூட இது நிம்மதியாகச் சாப்பிட வழி செய்யும். நைஸ் வழிகாட்டுதலில் 2018லேயே இது இருக்கிறது, ஆனாலும் தேவைப்படுகிற எல்லோருக்கும் இது எழுதப்படுவதில்லை. ஒரு கேப்சூல் இருக்கிறது என்பதே தெரியாமல் ஒருவர் சாப்பாட்டைக் கண்டு பயந்துகொண்டு கடைசி மாதங்களைக் கழிப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

புகையிலையும் இதோடு சேர்ந்ததுதான். புகைபிடிப்பது இந்த நோய் வரும் வாய்ப்பை ஏறக்குறைய இரண்டு மடங்காக்குகிறது. உடல் பருமன், நாள்பட்ட கணைய அழற்சி, நீண்டகாலச் சர்க்கரை நோய், வயது இவையும் காரணங்கள். இவற்றில் புகையிலையை அரசு ஏற்கெனவே வேறு நோய்களுக்காக எதிர்க்கிறது, அந்த எச்சரிக்கையில் கணையத்தையும் சேர்த்துச் சொல்லத் தனிச் செலவு ஆகாது.

பயமுறுத்திவிடுவோமோ என்ற தயக்கம் நியாயமானது. வயிற்றுவலி, முதுகுவலி எல்லாம் உலகத்தில் பாதிப்பேருக்கு இருப்பவை, பெரும்பாலும் சாதாரணக் காரணம்தான். எல்லோரும் ஸ்கேனுக்கு வரிசையில் நின்றால் உண்மையான நோயாளிக்கு இடம் கிடைக்காது. அதனால்தான் வயது, எடைக்குறைவு, எத்தனை வாரமாக இருக்கிறது, புதிதாக வந்ததா பழையதா என்ற சல்லடைகளை வைத்துச் செய்தியைச் சொல்ல வேண்டும். வதந்தியாகப் பரவுகிற செய்தி பயத்தைக் கூட்டும். யார் போக வேண்டும், யார் இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம், எங்கே போக வேண்டும் என்று பொறுப்போடு சொல்கிற செய்தி பயத்தைக் குறைக்கும்.

உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ மேலே சொன்ன சேர்க்கை இருந்தால், மருத்துவரிடம் ஒவ்வொன்றையும் தனித்தனி நாளில் தனித்தனித் தொந்தரவாகச் சொல்லாதீர்கள். ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: எந்த மாதத்திலிருந்து பசி இல்லை, எத்தனை கிலோ குறைந்தது, மலம் எப்படி இருக்கிறது, சர்க்கரை எப்போது வந்தது, குடும்பத்தில் யாருக்கு என்ன புற்றுநோய். "இது கணையமாக இருக்க வாய்ப்பு உண்டா?" என்று நேரடியாகவே கேளுங்கள், நல்ல மருத்துவர் அதற்குக் கோபப்பட மாட்டார். கொடுத்த மருந்தில் சில வாரத்தில் குணம் தெரியாவிட்டால் திரும்பிப் போங்கள்.

உங்கள் மக்கள் பிரதிநிதியிடம் கேட்பதற்கும் கேள்விகள் உண்டு. வலியில்லாத காமாலையோடு அரசு மருத்துவமனைக்கு வருகிற 60 வயதுக்காரருக்கு எத்தனை நாளில் சிடி ஸ்கேன் கிடைக்கிறது? பொது மருத்துவர்களுக்கு இந்த நோய்க்கென்று எழுதப்பட்ட வழிகாட்டுதல் இருக்கிறதா? விப்பிள் அறுவை சிகிச்சை எந்தெந்த மருத்துவமனைகளில், ஆண்டுக்கு எத்தனை நடக்கிறது? நொதி கேப்சூல் இலவச மருந்துப் பட்டியலில் இருக்கிறதா? கணையப் புற்றுநோய் வந்தவர்களில் எத்தனை பேர் எந்த நிலையில் கண்டுபிடிக்கப்பட்டார்கள் என்று யாராவது எண்ணிக்கொண்டிருக்கிறார்களா? நவம்பர் மூன்றாவது வியாழக்கிழமை உலகக் கணையப் புற்றுநோய் தினம். அரசுக் கட்டடங்களில் ஊதா விளக்கு எரிகிற அந்த நாள், இந்தக் கேள்விகளை எழுத்தில் கொண்டுபோய்க் கொடுப்பதற்கு நல்ல நாள்.